பொருந்தா ஆளுமைப் பண்புகளை அளத்தலும் மனஉளைச்சலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல் முதுகலை மாணவர்களுக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் புள்ளியியல் பகுதியில் உதவுகையில், ஆளுமை வினாத்தாள்களைப் பற்றி ஒரே வகையான ஐயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இணையத்தில் இத்தகைய வினாத்தாளை நிரப்பிவிட்டு, வந்த எண்ணைப் பார்த்துப் பதறிக் கேட்பவர்களும் உண்டு. இரு சாராரின் கேள்விகளையும், கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியதிலிருந்து சிக்கலானதற்கு என்ற வரிசையில் தொகுத்திருக்கிறேன்.

1. பொருந்தா ஆளுமைப் பண்பு இருக்கிறது என்றால் ஆளுமைக் கோளாறு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. சட்டென்று உணர்ச்சிவசப்படுவது, பிறரை நம்பத் தயங்குவது, யோசிக்காமல் செயலில் இறங்குவது போன்ற பண்புகள் எல்லோரிடமும் ஏதோ ஓர் அளவில் இருக்கின்றன. அந்த அளவு மிகுந்து, வேலையிலும் உறவுகளிலும் ஒருவருக்குத் தொடர்ந்து இடையூறு தரும்போது அதைப் பொருந்தாப் பண்பு என்கிறோம். வினாத்தாள் அளப்பது இந்த அளவை மட்டுமே.

கோளாறு என்று சொல்வதற்கு இன்னும் பல வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநோய் வகைப்பாட்டு நூலான டிஎஸ்எம்-5 கையேட்டின் மூன்றாம் பகுதியில், ஆளுமைக் கோளாறுகளுக்கென உள்ள மாற்று மாதிரி, தன்னைப் பற்றிய தெளிவு, தன் வாழ்வை ஒரு திசையில் நடத்தும் திறன், பிறர் நிலையை உணர்தல், நெருக்கமான உறவைப் பேணுதல் ஆகிய நான்கிலும் எவ்வளவு குறை இருக்கிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்கிறது. அதன் பிறகுதான் பண்புகள் வருகின்றன. இவை நெடுங்காலமாக, பல சூழல்களிலும் நீடிக்கின்றனவா என்பதை நேர்காணலில்தான் அறிய முடியும்.

2. டிஎஸ்எம்-இல் ஏற்கெனவே பத்து வகை ஆளுமைக் கோளாறுகள் இருக்கும்போது பண்புகளை அளப்பது எதற்கு?

அந்தப் பத்து வகைகளும் நடைமுறையில் தனித்தனியாக நிற்பதில்லை. ஒரு வகைக்கான அடையாளங்கள் உள்ளவருக்கு இன்னும் ஓரிரு வகைகளும் பொருந்திவிடுவது வழக்கம். மறுபுறம், ஒரே பெயரைப் பெற்ற இருவர் ஒருவரையொருவர் சிறிதும் ஒத்திராமல் இருக்கலாம். எல்லைநிலை (borderline) ஆளுமைக் கோளாற்றுக்கு ஒன்பது அடையாளங்களில் ஐந்து இருந்தால் போதும் என்பதால், அந்தப் பெயரை 256 விதமான சேர்க்கைகளில் பெறலாம். எண்ணச் சுழற்சி (obsessive-compulsive) ஆளுமைக் கோளாற்றுக்கு எட்டில் நான்கு போதும். ஆகவே ஓர் அடையாளம்கூடப் பொதுவாக இல்லாத இருவருக்கு அதே பெயர் சூட்டப்படக்கூடும்.

இந்தக் குறைகள் தெரிந்திருந்தும், டிஎஸ்எம்-5-இன் முதன்மைப் பகுதியில் பழைய பத்து வகைகளையே வைத்துக்கொள்வதென 2012 டிசம்பரில் அச்சங்கத்தின் அறங்காவலர் குழு முடிவு செய்தது. பண்பு மாதிரி மூன்றாம் பகுதிக்குப் போனது. உலக நலவாழ்வு நிறுவனம் அவ்வாறு தயங்கவில்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் நோய் வகைப்பாடான ஐசிடி-11, பழைய வகைகளை நீக்கி, கடுமையை லேசானது, மிதமானது, கடுமையானது என வகுத்து, அதனுடன் பண்புப் புலங்களை (ஒத்த பண்புகளின் பெருந்தொகுதிகளை) சேர்த்துக் குறிக்கச் சொல்கிறது. எல்லைநிலைப் பாங்கு மட்டும் ஒரு குறிப்பாகத் தங்கிவிட்டது.

3. பிஐடி-5 என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

ராபர்ட் க்ரூகரும் அவருடைய உடனாய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட, டிஎஸ்எம்-5 மாற்று மாதிரிக்கான ஆளுமை வினாத்தாள் அது. முழு வடிவில் 220 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும், ‘முற்றிலும் பொய்’ என்பதற்கு 0 முதல் ‘முற்றிலும் உண்மை’ என்பதற்கு 3 வரை மதிப்பெண். கூற்றுகள் 25 உட்கூறுகளாகவும், உட்கூறுகள் ஐந்து புலங்களாகவும் தொகுக்கப்படுகின்றன: எதிர்மறை உணர்வுநிலை, ஒதுங்குதல், பகைமனம், கட்டுப்பாடின்மை, உளப்பிறழ்வுச் சாயல். 100 கூற்றுகள் கொண்ட குறுவடிவமும், 25 கூற்றுகள் மட்டுமே கொண்ட சுருக்க வடிவமும், நெருங்கிய ஒருவர் நிரப்புவதற்கான 218 கூற்று வடிவமும் உண்டு.

மாணவர்கள் அடிக்கடி கவனிக்கத் தவறுவது ஒன்று. புலத்தின் மதிப்பெண்ணைக் கணக்கிட அதனோடு தொடர்புடைய எல்லா உட்கூறுகளும் சேர்வதில்லை. ஒவ்வொரு புலத்துக்கும் மூன்று உட்கூறுகளின் சராசரி மட்டுமே எடுக்கப்படுகிறது. எதிர்மறை உணர்வுநிலைக்கு உணர்வுத் தளும்பல், பதற்றம், பிரிவச்சம் ஆகிய மூன்று. ஒதுங்குதலுக்கு விலகியிருத்தல், இன்பமின்மை, நெருக்கம் தவிர்த்தல் ஆகிய மூன்று. இந்தப் பட்டியல் எட்டாம் கேள்வியில் மீண்டும் தேவைப்படும்.

4. இணையத்தில் நிரப்பிப் பார்த்தேன். எதிர்மறை உணர்வுநிலையில் 1.8 வந்திருக்கிறது. எனக்கு ஏதாவது நோயா?

அந்த எண் ஒரு நோயின் பெயரன்று. 0 முதல் 3 வரையிலான அளவில் 1.5 என்பது நடுப்புள்ளி; அதுவே மக்களின் சராசரி என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். பொதுமக்களிடம் எடுக்கப்பட்ட ஆய்வுகளில் சராசரி அதைவிடக் குறைவாகவே வருகிறது. ஆகவே 1.8 பெரும்பாலோரைவிடக் கூடுதல்தான். ஆனால் எவ்வளவு கூடுதல் என்பதை, உங்கள் மொழியையும் வயதையும் சேர்ந்த ஒரு குழுவின் சராசரியும் திட்ட விலக்கமும் இருந்தால்தான் சொல்ல முடியும். இதற்கு மேல் போனால் கோளாறு என எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரு வெட்டுப்புள்ளி இந்த வினாத்தாளுக்கு இல்லை.

எண்ணைவிட முக்கியமான கேள்வி, இந்தப் பண்பால் உங்கள் உறக்கமோ வேலையோ உறவுகளோ கெடுகின்றனவா என்பது. கெடுகின்றன என்றால், எண் 0.8 ஆக இருந்தாலும் ஒரு மருத்துவ உளவியலாளரிடம் பேசுவது நல்லது. இந்தியாவில் டெலி-மானஸ் உதவி எண் 14416, இலங்கையில் 1926.

5. மனஉளைச்சலை எந்த அளவுகோலால் அளப்பது? எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றல்ல, முதலில் பார்க்க வேண்டியது ஒவ்வொன்றும் கேட்கும் கால அளவு. ரொனால்ட் கெஸ்லரின் மனஉளைச்சல் அளவுகோலான கே10 கடந்த 30 நாள்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேட்டு 10 முதல் 50 வரை மதிப்பெண் தருகிறது. மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9, பதற்றத்துக்கான ஜிஏடி-7 ஆகியவை இரண்டு வாரங்களைக் கேட்கின்றன. மனச்சோர்வு, பதற்றம், மனஅழுத்தம் மூன்றையும் அளக்கும் டாஸ்-21 கேட்பது கடந்த ஒரு வாரத்தை. ஆளுமை வினாத்தாளோ கால எல்லை எதுவும் வைக்காமல், ‘நீங்கள் பொதுவாக எப்படிப்பட்டவர்’ என்று கேட்கிறது.

கோல்ட்பெர்கின் பொது நல வினாத்தாளான ஜிஎச்க்யூ-12-ஐப் பண்பு ஆய்வுகளில் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. அதன் விடைகள் ‘வழக்கத்தைவிட’ என்ற ஒப்பீட்டில் அமைந்தவை. இருபது ஆண்டுகளாகத் தூக்கமின்றிக் கவலையில் கிடப்பவர், ‘வழக்கத்தைவிட அதிகமில்லை’ என்று நேர்மையாகவே குறித்து, குறைந்த மதிப்பெண் பெற்றுவிடுவார். நிலைத்த பண்பினால் வரும் நிலைத்த உளைச்சலைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள் என்றால், அதைத் தவறவிடும் கருவியைக் கொண்டு தேடுகிறீர்கள் என்று பொருள். இத்தகைய தலைப்புகளுக்கு நான் கே10-ஐயே பரிந்துரைக்கிறேன்.

6. ஐந்து புலங்களில் உளைச்சலோடு மிக நெருக்கமானது எது?

எதிர்மறை உணர்வுநிலை. இதில் ஆய்வுகளிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அடுத்து ஒதுங்குதல், குறிப்பாக மனச்சோர்வோடு. பல மாணவர்களுக்கு வியப்பளிப்பது, உளப்பிறழ்வுச் சாயலும் உளைச்சலோடு கணிசமாகவே சேர்ந்து செல்வது. விசித்திர அனுபவங்கள் உடையோர் தம்மளவில் அமைதியாக இருப்பார்கள் என்ற எண்ணம் தரவுகளோடு ஒத்துப்போவதில்லை.

பகைமனம் பெரும்பாலும் கடைசியில் நிற்கிறது. ஏமாற்றுதல், பிறரைக் கருவியாக்குதல், தற்பெருமை ஆகியவை மிகுந்தவருக்குத் தம் உளைச்சல் குறைவாகவே இருக்கலாம். உளைச்சல் அவரோடு வாழ்பவருக்கு. அதை அவரிடமே வினாத்தாள் கொடுத்து அளந்தால் எண்ணில் எதுவும் தெரியாது. ‘பகைமனத்துக்கும் உளைச்சலுக்கும் தொடர்பில்லை’ என்று ஆய்வேட்டில் எழுதுமுன், யாருடைய உளைச்சல் என்பதைச் சேர்த்து எழுதுங்கள்.

7. பண்புக்கும் உளைச்சலுக்கும் இடையே எனக்கு ஒட்டுறவுக் கெழு (correlation) 0.5 வந்திருக்கிறது. இது பெரிதா, சிறிதா?

உளவியல் ஆய்வுகளில் இது பெரிய எண்ணே. ஆயினும் இதை வைத்து ஒரு தனிமனிதரைப் பற்றி ஊகிப்பது ஆபத்து. இரு மாறிகளும் இயல்நிலைப் பரவலில் இருப்பதாகக் கொண்டால், பண்பில் சராசரிக்கு மேலுள்ள 100 பேரில் ஏறத்தாழ 67 பேர் உளைச்சலிலும் சராசரிக்கு மேல் இருப்பார்கள். மீதி 33 பேர் சராசரிக்குக் கீழே இருப்பார்கள். நான்காம் கேள்வியைக் கேட்டவர் அந்த 33 பேரில் ஒருவராகவும் இருக்கலாம்.

8. இரண்டு வினாத்தாளும் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தானே கேட்கின்றன? அப்புறம் தொடர்பு வராமல் எப்படி இருக்கும்?

இந்தப் பக்கத்திலேயே மிக நல்ல கேள்வி இது. வாய்மொழித் தேர்வில் கேட்கப்பட வேண்டியதும், அரிதாகவே கேட்கப்படுவதும் இதுதான். பிஐடி-5-இன் மிக நீளமான உட்கூறுகளில் ஒன்று 14 கூற்றுகள் கொண்ட மனச்சோர்வுத் தன்மை. நம்பிக்கையிழத்தல், தன்னைத் தாழ்வாக எண்ணுதல், குற்றவுணர்வு, தற்கொலை எண்ணம் ஆகியவை அதன் வரையறையிலேயே உள்ளன. பிஎச்க்யூ-9-ஐ எடுத்துப் பாருங்கள்: இரண்டாம் கேள்வி நம்பிக்கையிழத்தலையும், ஆறாம் கேள்வி தன்னைத் தோல்வியாளராக எண்ணுவதையும், ஒன்பதாம் கேள்வி இறந்துவிடும் எண்ணத்தையும் கேட்கின்றன. இந்த இரண்டுக்கும் 0.7 ஒட்டுறவு வந்தால், ஒரே மூட்டையை இரண்டு தராசில் நிறுத்து, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று வியப்பது போன்றதுதான் அது.

மூன்றாம் விடையில் சொன்ன கணக்கீட்டு விதிப்படி மனச்சோர்வுத் தன்மை புல மதிப்பெண்ணில் நேரடியாகச் சேர்வதில்லை என்பது ஓரளவு ஆறுதல். ஆனால் ஒதுங்குதல் புலத்துக்குள் இன்பமின்மை இருக்கிறது. எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமை என்பது பிஎச்க்யூ-9-இன் முதல் கேள்வியே. அதேபோல் எதிர்மறை உணர்வுநிலைக்குள் பதற்றம் இருக்கிறது. அதை ஜிஏடி-7-உடன் ஒப்பிட்டால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே கணக்கை இருமுறை செய்யுங்கள். முதலில் முழுப் புலத்தோடு. பிறகு இன்பமின்மையை நீக்கிவிட்டு விலகியிருத்தலும் நெருக்கம் தவிர்த்தலும் மட்டும் சேர்ந்த சராசரியோடு. இரண்டாம் முறையில் எஞ்சும் தொடர்புதான், தனித்திருக்கும் இயல்புக்கும் மனச்சோர்வுக்கும் இடையிலானது என்று நீங்கள் துணிந்து சொல்லக்கூடியது. இரு எண்களையும் அட்டவணையில் கொடுங்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பதற்றம் மிகுந்த இயல்பும் பதற்ற நோயும் ஒரே வேரிலிருந்து வருபவை என்றால், அவற்றின் கேள்விகள் ஒத்திருப்பது கருவியின் பிழையாகாது. 2017-இல் ரோமன் கோட்டொவும் பல ஆய்வாளர்களும் முன்வைத்த ஹைடாப் படிநிலை வகைப்பாடு, ஆளுமைப் பண்புகளையும் நோய்க்குறிகளையும் ஒரே பெருங்காரணிகளின் கீழ் வைப்பது இந்தப் பார்வையில்தான். நான் இந்தப் பார்வையை ஏற்கிறேன். ஆனால் அதை ஏற்பவர், ‘பண்பு உளைச்சலை முன்கணிக்கிறது’ என்ற சொற்றொடரைக் கைவிட வேண்டும். ஒன்றின் இரு வடிவங்களில் ஒன்று மற்றதை முன்கணிப்பதாகச் சொல்வதில் பொருளில்லை. இரண்டையும் ஒரே ஆய்வேட்டில் வைத்துக்கொள்ள முடியாது.

9. மனச்சோர்வில் இருக்கும்போது நிரப்பினால் ஆளுமை மதிப்பெண்ணும் மாறிவிடுமா?

மாறும். ‘பொதுவாக’ என்று கேட்டாலும் மனிதர் இன்றைய மனநிலையின் வழியாகத்தான் தம்மைத் திரும்பிப் பார்க்கிறார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றுத் தேறியவர்களிடம் எதிர்மறை உணர்வு மதிப்பெண் குறைவது நெடுநாளாக அறியப்பட்டதே. ப்ரென்ட் ராபர்ட்ஸ் குழு 2017-இல் 207 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியாக 24 வாரங்கள் நீடித்த சிகிச்சைகளில் ஆளுமைப் பண்புகள் கண்கூடாக மாறியிருந்தன. அதிகம் மாறியது உணர்வு நிலைத்தன்மை. அந்த மாற்றத்தில் எவ்வளவு மனநிலை தேறியது, எவ்வளவு பண்பே மாறியது என்பது இன்றும் விவாதத்துக்குரியது.

உங்கள் ஆய்வுக்கு இதன் பொருள் எளிது. மருத்துவமனைப் புறநோயாளர் பிரிவில் முதல் நாளிலேயே எடுத்த ஆளுமை மதிப்பெண்ணை, அவருடைய நிலைத்த இயல்பு என்று எழுதாதீர்கள். முடிந்தால் சில மாதங்கள் கழித்து மீண்டும் எடுங்கள். முடியாவிட்டால் அவரை நெடுங்காலம் அறிந்த ஒருவரிடம் மூன்றாம் விடையில் சொன்ன 218 கூற்று வடிவத்தைக் கொடுங்கள்.

10. பண்பு உளைச்சலை உண்டாக்குகிறதா, உளைச்சல் பண்பை மாற்றுகிறதா? இடையீட்டுப் பகுப்பாய்வு (mediation analysis) செய்து காட்டலாம் என்று என் நெறியாளர் சொல்கிறார்.

பண்பு முன்னிருந்து உளைச்சலுக்கு வழிவிடலாம். நீண்ட உளைச்சல் ஆளுமையில் தழும்பு விட்டுச்செல்லலாம். மரபணுவோ குழந்தைப் பருவ வன்முறையோ இரண்டுக்கும் பொதுக் காரணமாக இருக்கலாம். ஒரே நாளில் ஒரே நபரிடம் எடுத்த இரு வினாத்தாள்களால் இவற்றுள் எதையும் பிரித்தறிய இயலாது. இடையீட்டுப் பகுப்பாய்வு அம்புக்குறி வரைந்து கொடுக்குமே தவிர, அம்பு எந்தப் பக்கம் போகிறது என்பதை அது கண்டுபிடிப்பதில்லை. அம்பைத் திருப்பி வைத்தாலும் கணினி அதே பணிவோடு ஒரு விடை தரும்.

திசையைப் பேச வேண்டுமானால் குறைந்தது மூன்று முறை, இடைவெளி விட்டு அளக்க வேண்டும். அப்போதும் ஆளுக்கு ஆள் உள்ள நிலையான வேறுபாட்டையும், ஒரே ஆளிடம் காலப்போக்கில் நிகழும் ஏற்றத்தாழ்வையும் பிரித்துப் பார்க்கும் மாதிரி தேவை. எலன் ஹாமக்கர் குழு 2015-இல் விளக்கிய மாதிரி அதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. ஓராண்டு முதுகலை ஆய்வில் இது நடக்காது என்பது புரிகிறது. அப்படியானால் ‘தாக்கம்’ என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டுத் ‘தொடர்பு’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

11. ஆல்பா 0.93 வந்திருக்கிறது. கருவி மிக நம்பகமானது என்று எழுதலாமா?

கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்பா, கூற்றுகளின் எண்ணிக்கையோடும் ஏறும். கூற்றுகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.2 என்றே வைத்துக்கொண்டாலும், 4 கூற்றுகளுக்கு ஆல்பா 0.50, 25 கூற்றுகளுக்கு 0.86, 100 கூற்றுகளுக்கு 0.96. ஆகவே 220 கூற்றுகளுக்கும் சேர்த்து ஒரே ஆல்பா கொடுப்பது எதையும் காட்டாது. ஒவ்வோர் உட்கூற்றுக்கும் தனியே கொடுங்கள்.

நம்பகத்தன்மை குறைவது தொடர்பையும் மங்கச் செய்கிறது. உண்மையான ஒட்டுறவு 0.60 ஆக இருந்து, இரு கருவிகளின் நம்பகத்தன்மை 0.80, 0.70 என்றால், உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.45 மட்டுமே. எட்டாம் விடையில் சொன்ன கேள்வி ஒற்றுமை எண்ணை உயர்த்துகிறது, இது தாழ்த்துகிறது. கையில் உள்ள 0.5 இவ்விரண்டின் நடுவில் கிடப்பது.

12. சிலர் படிக்காமலேயே டிக் அடித்துவிட்டுப் போகிறார்களே?

220 கூற்றுகள் என்றால் அது நடக்கத்தான் செய்யும். கூற்றுகளில் 16 மட்டுமே எதிர்த்திசையில் எழுதப்பட்டவை என்பதால், எல்லாவற்றுக்கும் 2 என்று குறிப்பவரை அவற்றால் எளிதில் பிடிக்க முடியாது. ஒரே பொருளுடைய கூற்றுச் சோடிகளுக்கு முரண்பட்ட விடை தருகிறார்களா என்று பார்க்கும் முரண்பாட்டு அளவுகோலைப் பிந்தைய ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளனர்; அதைப் பயன்படுத்துங்கள். ஓர் உட்கூற்றில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விடையில்லை என்றால் அந்த உட்கூற்று மதிப்பெண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்பது கருவியின் விதி.

13. நானே தமிழில் மொழிபெயர்த்துப் பயன்படுத்தலாமா?

ஆய்வாளர்கள் இந்த வினாத்தாளை இலவசமாகப் படியெடுத்துப் பயன்படுத்தலாம். மொழிபெயர்ப்பதற்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அனுமதி வேண்டும். அதன்பின் இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து ஒப்பிடுதல், மூலத்தைப் பார்க்காத ஒருவர் ஆங்கிலத்துக்குத் திருப்புதல், சிலரை உட்கார வைத்து ஒவ்வொரு கூற்றையும் என்னவாகப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்டல் ஆகியவை உண்டு. கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உண்மையான சிக்கல் தெரிவது அங்கேதான்.

பிறருக்குப் புலப்படாதவற்றை உணர்தல் என்ற வகைக் கூற்றுக்கு, ஆடி மாதத்தில் கோயிலில் சாமி வந்து ஆடும் ஒரு பெண்மணி தயங்காமல் ‘உண்மை’ என்பார். ஊர் அதை மதிக்கிறது. அவருக்கு அதில் உளைச்சல் இல்லை. ஆனால் உளப்பிறழ்வுச் சாயலில் அவருடைய மதிப்பெண் ஏறிவிடும். ஒரே கூற்று இரு குழுக்களில் வெவ்வேறு பொருள் பெற்றால் அவற்றின் சராசரிகளை ஒப்பிட இயலாது. இதைச் சோதிப்பதற்குத்தான் அளவீட்டு மாறாமைச் சோதனை இருக்கிறது. அமைப்பு, காரணிச் சுமை, தொடக்கப்புள்ளி ஆகிய மூன்று நிலைகளிலும் ஒத்திருந்தால் மட்டுமே, தமிழ்க் குழுவின் சராசரியை அமெரிக்கக் குழுவின் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

14. பிஐடி-5 எடுத்துவிட்டு ஐசிடி-11 பண்புகள் என்று எழுதலாமா?

நான்கு புலங்கள் ஏறத்தாழப் பொருந்தும். ஐசிடி-11-இல் உளப்பிறழ்வுச் சாயல் ஆளுமைப் புலமாக இல்லை. பிஐடி-5-இல் இறுக்கமான ஒழுங்குப்பற்று தனிப் புலமாக இல்லை. இரண்டையும் சேர்த்து ஆறு புலங்களை அளக்க வேண்டுமானால் 36 கூற்றுகள் கொண்ட திருத்திய சுருக்க வடிவம் உள்ளது. ஐசிடி-11-க்கென்றே 60 கூற்றுகளில் ஓல்ட்மன்ஸும் விடிகரும் 2018-இல் அமைத்த வினாத்தாளும் உண்டு.

15. தரவு உள்ளிடும்போது, ஒருவர் தற்கொலை எண்ணம் இருப்பதாகக் குறித்திருந்ததைப் பார்த்தேன். நான் ஆய்வாளர்தானே, என்ன செய்ய முடியும்?

தரவு உள்ளிடும் நாளில் பார்த்தீர்கள் என்றால் ஏற்கெனவே தாமதம். பிஎச்க்யூ-9-இன் ஒன்பதாம் கேள்வியையும், மனச்சோர்வுத் தன்மையின் தற்கொலைக் கூற்றுகளையும் தாள் கைக்கு வந்த அன்றே பார்ப்பதென்பதை நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் திட்டத்திலேயே எழுதுங்கள். எந்த விடை வந்தால் யார், எத்தனை மணி நேரத்துக்குள் அவரைத் தொடர்புகொள்வார், எந்த மருத்துவ உளவியலாளரிடம் அனுப்புவார் என்பதும் அதில் இருக்க வேண்டும். அத்தகைய சூழலில் இரகசியக் காப்புக்கு விலக்கு உண்டு என்பதை ஒப்புதல் படிவத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இப்போது உங்கள் கையில் இருக்கும் தாளுக்குரியவரை அடையாளம் காண முடியும் என்றால், இதைப் படித்து முடித்தவுடன் நெறியாளரை அழைத்து, இன்றே அவரோடு பேச ஏற்பாடு செய்யுங்கள்.

பெயரில்லாத இணையப் படிவம் என்றால் ஆளைத் தேட முடியாது. ஆகவே அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் தவிர வேறு எதைக் குறித்தாலும் அடுத்த திரையில் உதவி எண்கள் தானாகத் தோன்றுமாறு படிவத்தை அமையுங்கள். அப்படி அமைக்க இயலாத படிவம் என்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, மீதி எட்டுக் கேள்விகளைக் கொண்ட பிஎச்க்யூ-8-ஐப் பயன்படுத்துங்கள்.